இரண்டு வாரம் டைம் வாங்கியவர்

பெங்களூர் ஹைகோர்ட்டில் எங்களுக்காக வாதாட வந்த வக்கீல் மல்லேஸ்வரத்துக்காரர். மடிப்புக் கலையாத கறுப்புக் கோட்டு, நெற்றியில் சந்தனம். எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் கழுத்தில் தொங்கும் வெள்ளைப் பட்டையால் கண்ணாடியைத் துடைப்பார். அவ்வளவு துடைத்தும், எதிரே நின்றவளை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அவள் பொம்மனஹள்ளியில் என் பக்கத்து வீட்டுப் பெண். கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். சூப்பர்வைசர் பலாத்காரம் செய்ததில் கர்ப்பம். இருபத்தைந்து வாரம் ஆகிவிட்டதால், கலைக்கக் கோர்ட் அனுமதி வேண்டியிருந்தது.

முதல் நாளே வக்கீல் வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஜட்ஜ் புதுசும்மா. இந்த மாதிரி கேஸ்ல எப்படின்னு யாருக்கும் தெரியல. அவர் வீட்ல பொண்ணு இருக்கா, பூஜை புனஸ்காரம் ஜாஸ்தியான்னு விசாரிக்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு வாரம் டைம் வாங்கிட்டேன்."

"அவ வயித்துக்கும் வாய்தா வாங்கிட்டீங்களா சார்?" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, இனி கலைத்தால் அவள் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் அறிக்கை கொடுத்தார்கள். அதைப் படித்த ஜட்ஜ், அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே அனுமதி கொடுத்திருப்பேனே, எதற்கு டைம் வாங்கினீர்கள் என்றார்.

வெளியே வந்த வக்கீலின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நல்ல மனுஷர்தாம்மா. இனிமே இந்த மாதிரி கேஸை இவர்கிட்ட தைரியமா கொண்டு வரலாம்" என்றார்.

முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்து, அவளிடமே சொன்னார்.