சிவந்த திரையும் என் இடது கண்ணும்

எனக்குச் சத்திர சிகிச்சை செய்யப்போகிற டொக்டரம்மா ஒரு ‘எல் போர்ட்’ என்றுதான் நான் முதலில் நம்பினேன். இருபது வருடமாக வெள்ளவத்தையில் கார் ஓட்டப் பழக்குகிறவன் நான். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியிலேயே ஆள் புதிதா பழசா என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெருமை ஆஸ்பத்திரியிலும் செல்லுபடியாகும் என்று நினைத்ததுதான் பிழை.

மூக்குக்குள் சதை வளர்ந்து இரண்டு வருடமாக எனக்கு மணமே தெரியவில்லை. பழுதான மீனைக்கூட ருசித்துச் சாப்பிட்டு, மனைவியின் கைப்பக்குவத்தை மெச்சியிருக்கிறேன். சதை இடது கண்ணோரம் வரை போய்விட்டதாம். மூக்குக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள எலும்பு கடதாசி மாதிரி மெல்லியது. எனக்கோ ஓரிடத்தில் அந்தக் கடதாசியும் இல்லை. ஸ்கானைப் பார்த்துவிட்டு டொக்டரம்மா இதைச் சொன்னபோது அவர் குரலில் எந்த அலங்காரமும் இருக்கவில்லை. கை ஒரு நூல் பிசகினால் கண் போய்விடும். பழகுகிறவருக்கு இடப்பக்கம் குந்தியிருந்து தெருவோரம் பார்க்கிற எனக்கு இடது கண்தான் சோறு.

சத்திர சிகிச்சைக்கு முதல் நாள், கொட்டாஞ்சேனையில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்துப் போட மனைவியோடு போனேன். பாதி திறந்திருந்த ஒரு கதவுக்குள் டொக்டரம்மா தனியே இருந்தார். கையில் பேனை போல ஒரு பிடி. எதிரே திரையில் இளஞ்சிவப்பில் ஒரு சுரங்கம் வளைந்து வளைந்து போனது. மூலையில் என் பெயர்! சுரங்கம் ஒரு முடக்கில் திரும்பியதும் திரை முழுக்கச் சிவந்தது. “ச்சை, கண்ணில பட்டிட்டுது” என்றார். மறுபடி முதலிலிருந்து போனார். மறுபடியும் சிவப்பு. மூன்றாம் தரமும் அதே முடக்கு, அதே சிவப்பு.

சத்தியமாகச் சொல்கிறேன், என் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த அறிவித்தலை எழுத்துக்கூட்டத் தொடங்கினேன்.

“என்னப்பா செய்யிறியள்?” என்றாள் மனைவி.

“டொக்டர் என்ரை கண்ணைக் குத்திப்போட்டா. மூண்டு தரம்.”

“நீங்கள் இஞ்சதானே நிக்கிறியள்?”

“அதுதான் பயமாக் கிடக்கு.”

புறக்கோட்டை பஸ்ஸைப் பிடித்துத் தப்பும் யோசனையோடு படிக்கட்டை நோக்கி நடந்தவனை மனைவி சேட்டுக் கொலரில் பிடித்தாள். எதிரே வந்த தாதி மிஸி, நோயாளி ஓடுவது அங்கே புதினமல்ல என்பதைப் போல, “பய வென்ன எப்பா, அங்கிள்” என்று, பயப்பட வேண்டாமெனச் சிங்களத்தில் தேற்றினார். சத்தம் கேட்டு டொக்டரம்மாவும் வெளியே வந்தார்.

இருந்த துணிச்சல் எல்லாவற்றையும் கூட்டிக் கேட்டேன்: “டொக்டர், நீங்கள் இன்னும் பழகிறியளோ?”

மனைவி கிள்ளினாள். அவர் கோபிக்கவில்லை.

“ஓம், பழகிறன். பதினொரு வருசமா மூக்குத்தான் பாக்கிறன், ஆனா உங்கட மூக்குக்குள்ள நான் இன்னும் போகேல்லையே. உங்கட ஸ்கானை வைச்சுச் செய்த படம் அது. விடுற பிழையை இண்டைக்கு அதுக்குள்ள விட்டிட்டு வாறன்.”

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு அந்தப் பிடியைக் கையில் தந்தார். இருபது வருட அனுபவத்தோடு என் மூக்குக்குள் நானே இறங்கினேன். முதல் முடக்கு வருவதற்குள்ளேயே சிவப்பு.

“அண்ணை, உங்களுக்கு லைசன்ஸ் ஆர் தந்தது?” என்று சிரித்தார் டொக்டரம்மா. பிடியைத் திரும்ப வாங்கி, இம்முறை நேரே போகாமல் கீழால் வளைத்துக் கொண்டுபோனார். திரை சிவக்கவில்லை. அந்த வழியிலேயே இன்னும் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினார்.

நானும் கார் பழகுகிறவர்களுக்காக மைதானத்தில் கம்பு நட்டு, “இஞ்ச இடி, பஸ் ஓடுற காலி வீதியில இடிக்காதை” என்று வாய் வலிக்கச் சொல்லுகிற ஆள்தான். என் மூக்கு என்று வந்ததும் அந்த ஞானம் எனக்கு முன்னே பஸ் ஏறிவிட்டது. இப்போது யாராவது கம்பைச் சாய்த்தால் நான் ஏசுவதில்லை. அந்தச் சிவந்த திரைதான் நினைவுக்கு வரும். இறங்கிப்போய்க் கம்பை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து ஏறுவேன்.

அடுத்த நாள் சத்திர சிகிச்சையில் டொக்டரம்மா அந்த முடக்கில் கீழாலேயே போனார். சதை முழுவதையும் எடுத்தார். எலும்பில்லாத இடத்தைத் தொடவில்லை. மயக்கம் தெளிந்ததும் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு இடக்கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் மூன்று இருபது.