நூலால் ஒரு பூ

திருவரங்கம் தொடர்வண்டி நிலையத்தில் திருச்சிராப்பள்ளி செல்லும் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். அதே இருக்கையில் ஓர் அக்காவும் தங்கையும், அவர்களுடைய அத்தையும். அக்கா கொக்கி ஊசியால் மஞ்சள் நூலில் பின்னிய பூவைக் கூந்தற்கவ்வியில் வைத்துத் தைத்து, தன் தங்கையின் சடையில் செருகுகிறாள்.

அத்தை முகஞ்சுளிக்கிறார். "ஏண்டி, புருஷன் போனவ பூ வைக்கலாமா?"

"இது நூல் அத்தை."

"நூலா இருந்தா என்ன? பாக்குறவங்களுக்குப் பூதான். கல்யாண வீட்டுல என் மானம் போயிரும். கழட்டச் சொல்லு." என் பக்கம் திரும்புகிறார். "நீங்க பெரியவங்க, சொல்லுங்க. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?"

என் நரையைத் தமக்குச் சான்றாக அழைக்கிறார். "தெரியும் அம்மா. இயற்கைப் பூவையே மறுத்தது கொடுமை. இப்போது நூலையும் பறிக்க வேண்டுமா?" என் குரல் எனக்கே கடுமையாக ஒலிக்கிறது.

அத்தை விடுவதாயில்லை. "உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"பேசுவேன்."

தங்கையின் கை சடைக்கு உயர்கிறது. கழற்றிவிடுவாள் என்றே அஞ்சுகிறேன். அவளோ கவ்வியை இன்னும் அழுத்தி மூடுகிறாள்.

"அக்கா, நூல் மிச்சமிருக்கா? இன்னொண்ணு பின்னு."