கத்ரினின் வலது முழங்கால்

2006 ஜூலை, வெள்ளி. பிராங்க்பேர்ட்டிலிருந்து மொன்றியலுக்கு எட்டு மணித்தியாலம். மனைவியின் தம்பி பெர்னாட் ரக்சியோடு வந்து நின்றான். ஞாயிறு அவன் மகனுக்கு ஞானஸ்நானம். நான் ஞானத்தகப்பன்.

சனிக்கிழமை கத்ரினின் ஆட்டம்.

கத்ரின் ஜெர்மன் தேசிய அணிக்கு ஆறு வருடம் உதைபந்து ஆடியவள். டுயிஸ்பேர்க் பக்கம் அவள் இருந்த கழகத்தில் நான் உடுப்புத் தோய்க்கிறவன். அவளுக்கு இடது முழங்காலில் இரண்டு முறை வெட்டிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். கழகம் விட்டுவிட்டது. மொன்றியலில் ஒரு கோடைகால அணி எடுத்தது. அடுத்த வருடம் சீனாவில் உலகக் கிண்ணம். தேசிய அணியின் துணைப் பயிற்சியாளர் அவளைப் பார்க்க வருகிறார். கால் சுகம் என்று போனில் சொன்னாள்.

சனி, பிற்பகல். பார்க் ஸ்டேசனில் மெற்றோ ஏறி, ஜான்-டலோனில் மாறி, கிரெமசியில் இறங்கினோம். மைதானத்தில் ரிக்கற் பத்து டொலர். சனம் குறைவு. வெயில் பிடரியில் எரிந்தது.

கத்ரின் வலது முழங்காலில் கட்டோடு வந்தாள்.

"அத்தான், இடக்கால் எண்டெல்லோ சொன்னியள்?" என்றான் பெர்னாட்.

"ஓம். எதிர்ப்பக்கக்காரியள் கட்டுப் போட்ட காலுக்குத்தான் அடிப்பாளவை. அதுக்குத்தான்."

"அடி கள்ளி. நானும் ரக்சியிலை நல்ல ரயருக்கு ஒட்டுப் போட்டு வைக்கிறன்."

முதல் பாதியில் வலது காலுக்கு இரண்டு அடி விழுந்தது. எழும்பினாள். நன்றாக ஆடினாள்.

இரண்டாம் பாதியில் இடது காலை ஊன்றித் திரும்பினாள். விழுந்தாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மருத்துவப் பெட்டியோடு ஒரு பெண் ஓடிப்போய் கட்டுப் போட்ட முழங்காலில் ஐஸ் வைத்தாள். கத்ரின் அதையே இரண்டு கையாலும் பிடித்தாள். தூக்கி வந்து வெளியே இருத்தினார்கள்.

"அவையளுக்குச் சொல்லுங்கோ அத்தான். கால் மாறிப் பிடிக்கினம்."

இறங்கிப் போனேன். எனக்கு முன்னே துணைப் பயிற்சியாளர் வந்துவிட்டார்.

"எந்தக் கால்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"வலது. அடிபட்டதுதான்."

"நடந்து காட்டு."

எழும்பினாள். வலது காலை நொண்டினாள். முழுப் பாரத்தையும் இடது காலில் கொடுத்து நடந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இருந்தாள். இடது முழங்கால் வீங்கி வந்தது. ஐஸை எடுத்து அதில் வைத்தேன்.

"எடு, சேவியர். வாசலில் நின்று பார்க்கிறார்."

எடுத்து வலதில் வைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் கட்டை அவிழ்த்து, பழைய பழக்கத்தில் என்னிடம் தந்தாள்.

ஞாயிறு பிள்ளையைத் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் பட்டதும் அழுதான்.

திங்கள், விமான நிலையம்.

"அவள் சீனாவுக்குப் போவாளோ, அத்தான்?"

"இல்லை."

மொன்றியலில் அவரவர் உடுப்பை அவரவரே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்க்கிறார்கள். எங்கள் கழகத்தில் எல்லாம் என் கூடைக்கு வரும். திரும்பி வந்ததும் அந்தக் கட்டையும் அதில் போட்டேன். புல் கறை இரண்டாம் தோய்ப்பில் போனது. மடித்து அலுமாரியில் வைத்தேன். ஒருவரும் கேட்டு வரவில்லை.