கணக்குக்கு என்று வாங்கிய லேப்டாப்

ஓடுகிற மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தால் போதும், அதற்கு என்ன வியாதி என்று மோட்டார்காரர் சொல்லிவிடுவார். மீட்டரெல்லாம் பிறகுதான். கை பொறுக்கிற சூடா பொறுக்காத சூடா, பேரிங் அரைக்கிறதா, உள்ளே காயில் கம்பி கருகத் தொடங்கிவிட்டதா, எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பிறர் கடையைக் கூட்டிப் பெருக்கி, அவர்கள் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு காயில் கட்டக் கற்றவர். இன்றைக்கு ஆலைக்காரர்கள் வண்டி அனுப்பி அழைத்துப் போகிறார்கள். கைதூக்கிவிட யாரும் இல்லை, தானாக எழுந்து நின்றார். இதை அவர் ஊருக்கே சொல்வார். சொல்லட்டுமே, உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அவர் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கும்: ‘லோடு கொடுத்துப் பார்க்காத மோட்டார் இங்கிருந்து வெளியே போகாது.’ அர்த்தம் இதுதான். சும்மா சுற்றவிட்டால் எந்த ஓட்டை மோட்டாரும் பூனைக்குட்டி மாதிரி சத்தம் காட்டாமல் ஓடும். பாரத்தை ஏற்றிப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். வேறு கடையில் பாரம் ஏற்றாமல் வாங்கிப் போய் ஏமாந்து வருகிறவர்களை அவர் சும்மா விடமாட்டார். “கண்ண வீட்டுல கழட்டி வச்சுட்டா கடைக்குப் போனீங்க?” என்று நாலு பேர் முன்னால் கேட்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு லேப்டாப் வாங்கப் போனார்.

லேப்டாப் அவருக்கு இல்லை, அவர் வீட்டுக்காரம்மாவுக்கு. போன வருஷம் அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் கம்பி வைத்தார்கள். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த அம்மாவுக்கு, மகள் தன் லேப்டாப்பில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். அதில் துப்பாக்கி இல்லை, ஓட்டப்பந்தயம் இல்லை. மனிதர்களை நாமே உண்டாக்க வேண்டும். அவர்களுக்கு வீடு கட்டி, கட்டில் நாற்காலி போட்டு, குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, முறைத்துக்கொண்டால் சமாதானம் செய்து குடும்பம் நடத்த வேண்டும். ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. அந்த அம்மா வலியை மறந்து அதிலேயே மூழ்கிப்போனார்.

“நிஜ வீட்டுல செஞ்ச வேலை பத்தலன்னு பொம்மை வீட்டுலயும் அதே வேலையா?” என்று மோட்டார்காரர் கேட்டார்.

“இவங்க சொன்னாக் கேக்குறாங்களே” என்று அந்த அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

பிறகு மகளுக்கு வேற்றூரில் வேலை கிடைத்து லேப்டாப்போடு கிளம்பிவிட்டாள். அம்மாவின் வீட்டை ஒரு பென் டிரைவில் பத்திரமாக ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அந்த அம்மா கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். அந்தக் கட்டைவிரல் அளவுப் பொருளைக் கையில் உருட்டிக்கொண்டே ஒரு நாள் கேட்டார்: “ஏங்க, எனக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தர்றீங்களா?”

கல்யாணமான நாளிலிருந்து தனக்கு என்று அந்த அம்மா வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது. மோட்டார்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, “இவ்வளவுதானே” என்றார்.

மகள் போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள். “அப்பா, மறந்துடாதீங்க. எல்லா லேப்டாப்லயும் இது ஓடாது. படத்தை ஓட்டுறதுக்குன்னே உள்ள தனியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கணும், ரேமும் நல்லா இருக்கணும். உங்களுக்கு ஒண்ணும் புரியலன்னாப் பரவால்ல. இந்த விளையாட்டுக்குன்னு மட்டும் கடையில சொல்லுங்க, அவங்களே எடுத்துக் குடுத்துடுவாங்க.”

“மெஷின் வாங்க நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நான் தொட்டுப் பாக்காத மெஷினா?” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

கடை குளுகுளு என்று இருந்தது. சட்டைப் பையில் கடையின் பெயர் தைத்த ஒரு பெண் வந்து, “வாங்க சார், என்ன உபயோகத்துக்குப் பாக்குறீங்க?” என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். சொல்ல நினைத்தது என்னவோ உண்மையைத்தான். அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. “என்ன மோட்டார்காரரே, கம்ப்யூட்டர் பக்கமெல்லாம் வந்துட்டீங்க?” ஆலை மேனேஜர், பிரிண்டருக்கு மை வாங்க வந்தவர், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

தன் வயதில் ஒரு மனிதன், பேரப்பிள்ளை எடுக்க வேண்டிய பெண்டாட்டிக்குப் பொம்மை விளையாட மெஷின் வாங்குகிறான் என்றால், நாளைக்கு ஆலை முழுக்க அதுதான் பேச்சு. மோட்டார்காரரின் நாக்கு தானாகவே வேறு பாதையில் திரும்பிக்கொண்டது.

“கணக்குக்கு” என்றார். “பட்டறைக் கணக்கு.”

“கணக்கு மட்டும்தானா சார்? படம், விளையாட்டு அந்த மாதிரி ஏதாவது?”

“விளையாட நான் என்ன பச்சைப் பிள்ளையா?”

மேனேஜர் அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மோட்டார்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. வரிசையாக வைத்திருந்த லேப்டாப்களின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். தடித்த கறுப்பு லேப்டாப் ஒன்றில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்ததும் சுட்டது, உள்ளே விசிறி உஸ்ஸென்று இரைந்தது. “இதுக்கு பேரிங் போயிடுச்சு, மாத்தச் சொல்லு” என்று தீர்ப்பு சொன்னார். கடைசியில் சாம்பல் நிறத்தில் மெலிதாக ஒன்று. துளி சூடு இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. “இதுதான் மெஷின்” என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். மேனேஜர் மண்டையை ஆட்டினார். அந்தப் பெண், “கணக்குக்கு இதுவே தாராளம் சார்” என்று கட்டிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் அந்த அம்மா மேசையைத் துடைத்து, தலை வாரி, காத்திருந்தார். “அவ சொன்னதெல்லாம் கடையில சொன்னீங்களா?”

“சொன்னேன், சொன்னேன். அலசி ஆராஞ்சு எடுத்திருக்கேன்.”

மகள் போனில் வழி சொல்லச் சொல்ல, விளையாட்டை ஏற்றினார்கள். அம்மாவின் வீடு திரையில் பாதி வந்தது. சுவர் வந்தது, கூரை வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, தூக்கிய காலை இறக்கினார்கள். முகங்கள் எல்லாம் மாவு பூசினாற்போல் வழுவழுவென்று இருந்தன. அப்புறம் திரை கறுத்து, விளையாட்டு தன்னைத்தானே மூடிக்கொண்டது. அம்மா மறுபடி திறந்தார். மறுபடியும் அதே கதி.

“நீ எதையோ தப்பா அமுக்குற” என்றார் மோட்டார்காரர்.

அந்த அம்மா லேப்டாப்பை மூடினார். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னதுதான் அவரைக் கலங்கடித்தது.

“உங்கள ஏமாத்திட்டாங்க. நீங்க இவ்வளவு தெளிவாச் சொல்லியும் ஏதோ ஒரு மட்டமான மெஷினத் தலையில கட்டிட்டாங்க. படிக்காத ஆளுன்னு நெனச்சிருப்பாங்க. வாங்க, நான் வந்து கேக்குறேன்.”

“நான் பாத்துக்கறேன், நீ இந்த இடுப்போட எங்க…”

“உங்கள ஒருத்தர் ஏமாத்த விட்டுட்டு நான் வீட்டுல உக்காந்திருப்பேனா?”

ஆயிரம் சாக்குச் சொல்லிப் பார்த்தார். கடைக்கு லீவு என்றார், தன் தலை வலிக்கிறது என்றார். ஒன்றும் எடுபடவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, விழுந்ததற்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாத அந்த அம்மா, அவருக்காக வழக்காடப் புறப்பட்டார். பென் டிரைவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் வலியில் உதட்டைக் கடித்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். அந்த அம்மா நேராக அந்தப் பெண்ணிடம் போய் நின்றார்.

“ஏம்மா, வயசானவர், எழுதப் படிக்கக் கஷ்டப்படுறவர். என்ன வேணும்னு அவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கார். இப்படி ஒரு மெஷினக் குடுத்து அனுப்பலாமா? உன் அப்பாவா இருந்தா இப்படிச் செய்வியா?”

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. “அம்மா, சார் கணக்குக்குன்னுதான் சொன்னாரு. விளையாட்டுக்கான்னு நான் கேட்டேன். பச்சைப் பிள்ளையா நான்னு கோவப்பட்டாரு. நீங்களே கேளுங்க.”

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். மோட்டார்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எரிந்துபோன எத்தனையோ மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர், தன்னை ஒருவர் பிரித்துப் பார்ப்பதை அன்றுதான் அனுபவித்தார். ‘இந்தப் பொண்ணு பொய் சொல்லுது’ என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. வீட்டுக்காரம்மா அதையும் நம்பியிருப்பார், அதுதான் கொடுமை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்கோம்மா. தெரியாம உன்னப் பேசிட்டேன். எனக்குன்னு சொல்ல இவருக்கு வெக்கமா இருந்திருக்கு” என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. பட்டறையில் நாலு பேர் முன்னால் மோட்டார்காரர் எத்தனை பேரைக் கூனிக் குறுக வைத்திருப்பார். அவர்கள் முகங்களெல்லாம் அவர் கண்முன் வரிசையாக வந்து போயின.

“பரவால்லம்மா, உக்காருங்க” என்று அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அந்த விளையாட்டு நானும் விளையாடுவேன். இங்க ஒண்ணுல போட்டு வச்சிருக்கோம்.” அவள் காட்டியது அதே தடித்த கறுப்பு லேப்டாப்பை. மோட்டார்காரர் பேரிங் போய்விட்டது என்று ஒதுக்கியது. பென் டிரைவைச் செருகினாள். விசிறி உஸ்ஸென்றது. வீடு முழுசாக வந்தது. நீலக் கூரை, ஜன்னலுக்கு ஜன்னல் திரை, வாசலில் பூச்செடி. உள்ளே மனிதர்கள் நடந்தார்கள். ஒரு பெண், தடி இல்லாமல், படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

மோட்டார்காரர் அதை முழுசாக முதன்முதலாகப் பார்த்தார். அத்தனை மாதம் தன் வீட்டில் பக்கத்து அறையில்தான் இருந்தது.

“தோட்டத்துல உக்காந்திருக்கற மீசைக்காரர் யாரும்மா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“இவருதான்.”

“என்ன வேலை பாக்குறாரு?”

“வேலைக்கு அனுப்பல. வீட்டுல இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

வேடிக்கை பார்க்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மோட்டார்காரர் லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். சூடு நன்றாகவே இருந்தது. பாரம் இழுக்கிற மெஷின் சுடத்தான் செய்யும், விசிறி இரையத்தான் செய்யும். அன்றைக்கு அவர் தட்டிக் கொடுத்து வாங்கியது சும்மா நின்றுகொண்டிருந்த மெஷின். லோடு கொடுக்காமல் பார்த்து வாங்கியிருந்தார். பட்டறைச் சுவரில் அந்த வரியை எழுதிய மனிதர் அவர்தான்.

மாற்றிக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். அவர் பேரம் பேசவில்லை. கல்லாவில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “திருப்பிக் குடுக்கறதுக்குக் காரணம் என்ன போடட்டும்?” என்று கேட்டார். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

“விளையாடுறதுக்கு வேணும். வீட்டுக்காரம்மாவுக்கு” என்றார் மோட்டார்காரர்.

“என்ன சார்?”

“சத்தமாச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மா, நாற்காலியில் இருந்தபடியே. “அவருக்குக் கேக்கல.”

அவர் சொன்னார். பட்டறை இரைச்சலுக்குப் பழகின குரல், கடை முழுக்கக் கேட்டது. காது மடல் சுட்டது.

திரும்பும்போது ஆட்டோவில் பெட்டியை அந்த அம்மா மடியில் வைத்திருந்தார். கனமாக இருக்கும், கொடு என்றார் இவர். கொடுக்கவில்லை. வீட்டுத் தெரு திரும்பும் இடத்தில் மோட்டார்காரர் தொண்டையைச் செருமினார்.

“தோட்டத்துல இருக்கற அந்தாளுக்கு ஒரு வேலை போட்டுக் குடேன். சும்மா உக்காந்திருக்கான், பாக்க நல்லாவா இருக்கு?”

அந்த அம்மா பெட்டியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“பாக்கலாம்” என்றார். “ஆள் எப்படின்னு பாத்துட்டு.”