செல்வத்தைக் கூடைப்பந்துக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனது

1. வேன் டிரைவர்

அபுதாபி முசஃபாவில் நான் கம்பெனி பஸ் டிரைவர். வாரத்தில் ஆறு நாள் தொழிலாளர் கேம்பிலிருந்து கட்டட சைட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போவேன். ஞாயிறு லீவு. அன்று ரூமில் எல்லோரும் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். என் மனைவி இறந்துவிட்டாள். மகனுக்கு என்னிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச விஷயம் இருக்காது.

நடக்க முடியாத பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கும் ஒரு குழு, வேன் ஓட்ட ஆள் கேட்டது. சம்பளம் கிடையாது. போனேன். முதல் நாள் பிள்ளைகள் இங்கிலீஷில் பேசிச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏற்றினேன், இறக்கினேன், ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

2. செல்வம்

செல்வம் எங்கள் கேம்ப் பையன். மன்னார்குடிப் பக்கம். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஊருக்கு அனுப்பும் வேலைகள் முடியவில்லை. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை என்கூட வர்றியா? வீல்சேர்லயே பந்து வெளையாடுறாங்க" என்றேன்.

"என்னைய வச்சு வேடிக்கை காட்டப் போறீங்களாண்ணே?"

அடுத்த வாரம் வேறு மாதிரி கேட்டேன்.

"புள்ளைங்களுக்கு பெல்ட்டு மாட்டிவிட ஆள் பத்தல. உன் கை நல்லாத்தான இருக்கு?"

வந்தான். எல்லோருக்கும் பெல்ட் மாட்டினான். கடைசியில் ஒரு நாற்காலி மிஞ்சியது. விளையாட்டு நாற்காலிக்குச் சக்கரம் சாய்வாக இருக்கும், தொட்டாலே திரும்பும். பிலிப்பைன்ஸ்காரரான கோச் ஜோயல் அதைக் காட்டி, "பாய், பைட்டோ" என்று அரைகுறை இந்தியில் உட்காரச் சொன்னார்.

செல்வம் ஏறி, இரண்டு தள்ளு தள்ளித் திரும்பினான். நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். நான் ஓடினேன். ஜோயல் கையை நீட்டித் தடுத்தார்.

தரையில் கிடந்தபடியே செல்வம் சிரித்தான்.

"அண்ணே! விழுந்தேன், ஒண்ணும் ஆகலண்ணே!"

நான் வெளியே போய் வேனில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அதன்பின் ஒரு ஞாயிறுகூட அவன் தவறவில்லை. போகும்போதும் வரும்போதும் என் பக்கத்து சீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டே வருவான்.

3. ஊருக்குப் போனபின்

பேப்பர் வேலை முடிந்தது. அவனை ஏர்போர்ட்டில் விட்டுவந்தேன். அதுவரை தனியாக இருப்பது எனக்குப் பழகித்தான் இருந்தது. அவன் போனபின் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

நான் கூப்பிட்டும் அவன் பல நாள் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது சொன்னான்: "தெருவெல்லாம் மண்ணுண்ணே. சேர் நகர மாட்டேங்குது. அங்க வெளையாடாமலே வந்திருக்கலாம்."

மறுநாள் பஸ் ஓட்டும்போதெல்லாம் யோசித்தேன். சாயங்காலம் கூப்பிட்டேன்.

"உங்க ஊர்ல நெல்லு காயப்போடுற சிமெண்ட் களம் இருக்கா?"

"இருக்கு."

"அறுப்பு இல்லாதப்ப சும்மாதான கெடக்கும்?"

ஜோயலிடம் சொன்னேன். குழு ஒதுக்கிவைத்த பழைய நாற்காலி ஒன்றைக் கொடுத்தார். டயர் மாற்றி கார்கோவில் அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. களத்தில் ஒரு கம்பம், அதில் கட்டிய இரும்பு வளையம். செல்வம் பந்தை எறிகிறான். ஓரத்தில் மூன்று சக்கர வண்டியில் ஒரு பெண், ஊன்றுகோலோடு ஒரு பையன். "ஒரு சேர்தான்ணே, மூணு பேரும் மாத்தி மாத்தி!" என்று கத்துகிறான்.

குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரை விளையாட்டுக்குக் கூட்டிவந்தால் மட்டும் போதாது. இங்கிருந்து போனபின் அவர் எந்தத் தரையில் விளையாடுவார் என்றும் யோசியுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால் செல்வம் எடுப்பதில்லை. களத்தில் இருப்பான். ரிங் முழுதாகப் போகும்வரை கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.