கீழ் மூலையில் பந்து பிடித்தவள்: தெரணியகலைக்கு ஒருநாள் பயணம்

சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பிய பயணமில்லை இது. போன ஆகஸ்ட் மாதம் (2007), ஒரு வியாழக்கிழமை மாலை, என் கல்லூரித் தோழி யோகேஸ்வரி தெரணியகலையிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். மூன்று வருடம் பேசிக்கொள்ளாத ஒருத்தி நலம் விசாரித்த கையோடு, "நிர்மலா, நம்ம எல்லே டீம் ஸ்கோர் கொப்பி இன்னும் ஒங்கிட்ட கெடக்குதா?" என்று கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

விஷயம் இதுதான். யோகேஸ்வரி (எங்களுக்கு யோகா) நாங்கள் படித்த அந்தக் கல்லூரியிலேயே, அதாவது பள்ளியிலேயே, நான்கு வருடமாக நிரந்தர நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியை. இப்போது விளையாட்டுப் பயிற்றுநர் வேலைக்கு நேர்முகத்தேர்வு நடக்கிறது. முதல் சுற்றில் கல்லூரி அணியின் படத்தைக் காட்டியிருக்கிறாள். "படத்துல ஓரத்துல நிக்கிறீங்க, சரி. நீங்க விளையாடி என்ன செஞ்சீங்க? பதிவு கொண்டாங்க. இல்லாட்டி உங்களுக்கு எதிரா விளையாடின மூணு பேர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் கொடுக்க வேண்டும். வயதெல்லை காரணமாக அடுத்த முறை அவளால் விண்ணப்பிக்க முடியாது.

எல்லே தெரியாத வெளிநாட்டு வாசகர்களுக்கு இரண்டு வரி. கனத்த தடியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு, நட்டு வைத்த கம்புகளைச் சுற்றி ஓடி வர வேண்டும். முழுச் சுற்று ஓடினால் ஓர் ஓட்டம். அடித்த பந்து நிலத்திலோ செடியிலோ படுவதற்குள் எதிரணியில் யாராவது பிடித்துவிட்டால் அடித்தவர் அவுட். நான் அடிப்பவள், அணித் தலைவி. யோகா தூரத்தில் நின்று பிடிப்பவள். கைதட்டல் முழுக்க யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லவே தேவையில்லை.

தலைவி என்பதால் ஓட்டக் கணக்கு எழுதிய அந்தக் கொப்பி (குறிப்பேடு) என்னிடம்தான் இருந்தது, வத்தளை வீட்டில் பழைய சேலைகளுக்கு அடியில். எடுத்துப் புரட்டினேன். யோகா, மூன்று வருடத்தில் இரண்டே ஓட்டம். சரி, பிடித்த பந்துகள்? எதிரணிப் பக்கத்தில் வரிசையாக "பிடி", "பிடி", "பிடி" என்று எழுதியிருக்கிறது, யார் பிடித்தது என்று ஓர் இடத்திலும் இல்லை. எழுதியது என் கை! எனக்கு வந்த கோபத்தைக் கொட்ட ஆள் இல்லாமல் கணவரிடம் தேநீரில் சீனி போதாது என்று சண்டை போட்டேன். பிறகு சனிக்கிழமை வருகிறேன் என்று யோகாவுக்குச் சொன்னேன்.

காலை 5.45க்குக் கொழும்பு, புறக்கோட்டையில் பஸ். அவிசாவளை ஐம்பத்தேழு கிலோமீற்றர், கட்டணம் 58 ரூபாய். வழியில் சோதனைச் சாவடியில் ஒருமுறை இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அட்டையை மறந்துவிட்டுக் கிளம்பாதீர்கள். 7.50க்கு அவிசாவளை. அங்கே கடையில் மீன் வைத்த மாலுபாண் ஒன்றும் பிளேன்டீயும் 30 ரூபாய். தெஹியோவிட்டைக்கு அடுத்த பஸ் 8.15, பத்து கிலோமீற்றர், 15 ரூபாய். றப்பர் மரங்கள் தொடங்கியதும் ஜன்னலை மூடிவிடுங்கள், மழை எந்த நேரமும் உள்ளே வரும்.

யோகா தெஹியோவிட்டை பஸ் தரிப்பிடத்தில் குடையோடு நின்றாள். அதே ஒல்லி, அதே இரட்டைச் சுழி. கொப்பியை வாங்கி நின்ற இடத்திலேயே புரட்டினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"என் பேரே இல்லியே, புள்ள."

"நான்தான் எழுதுனேன். எனக்கே அடிச்சிக்கலாம்னு இருக்கு."

"விடு. அவுட் ஆனவங்க பேராச்சும் இருக்குல்ல? அவுங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

பாருங்கள், பிடித்தவள் பெயரை எழுதாத கொப்பியில் அவுட் ஆனவர்களின் பெயர் முழு முகவரி போல எழுதியிருந்தது. யோகா மூன்று பெயர்களைத் தேர்ந்தாள். மூன்று பேருமே அந்தக் காலத்தில் பெரிய அடி அடிக்கிறவர்கள்.

முதலாமவள் நில்மினி, அயல் சிங்களப் பாடசாலை அணியின் தலைவியாக இருந்தவள். தரிப்பிடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்து யார் என்று கேட்டாள். பின்னால் யோகாவின் தலை தெரிந்ததுதான் தாமதம், மேசையைத் தட்டினாள்.

"அனே! மட்ட மதகய்!" எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு பாதிச் சிங்களம், பாதித் தமிழ்: "இவ என்ன மூணு தரம் அவுட் பண்ணினது. மூணாவது தரம் நான் வீட்டுக்குப் போய் அழுதது. அம்மா அடிச்சது."

வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டுச் சிங்களத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, அடையாள அட்டை இலக்கமும் போட்டுக் கொடுத்தாள். அணித் தலைவியாக இருந்த என் பெயர் அவளுக்குக் கடைசி வரை நினைவுக்கு வரவில்லை. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

9.40 பஸ்ஸில் தெரணியகலைக்கு. நாற்பத்தைந்து நிமிடம், 20 ரூபாய். வளைவு வளைவாக ஏறும் பாதை. குமட்டல் வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். யோகா வழியெல்லாம் கடிதத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்து மடியில் பிடித்திருந்தாள்.

இரண்டாமவள் ஃபரீனா. தெரணியகலை கடைத்தெருவில் கணவரோடு புடவைக்கடை. "ஓ, அந்தப் பந்து எனக்கு நல்ல நெனவு ஈக்கிது" என்று சொல்லி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாகச் சாய்ந்து, யோகா பிடித்த விதத்தைக் கடை நடுவில் நடித்துக் காட்டினாள். கணவர் சிரித்துச் சிரித்து அளந்த துணியை மறுபடி அளந்தார். கடிதம் தமிழில், ஐந்தே வரி. இஞ்சித் தேநீர் குடிக்காமல் விடமாட்டேன் என்றாள். மணி 11.20. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது பெயர் செல்வி, பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அவளுடைய லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருக்கும் ஒருவர் கடையிலேயே நின்றார். விசாரித்தால், செல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம். யோகா குடையை விரித்தாள், மடக்கினாள்.

"வேற யாராச்சும் இருக்காங்களான்னு கொப்பியப் பாப்போம்" என்றேன்.

"பாத்தாச்சி. மத்தவங்கள்லாம் தூரமாப் போயிட்டாங்க. திங்கக்கெழமைக்குள்ள புடிக்க முடியாது." பிறகு மெதுவாக, "எனக்கு எதிரா வெளையாண்ட ஆளா இருந்தா போதும்னுதான் சொன்னாங்க" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஏனென்றால் யோகாவுக்கு எதிராக நானும் ஒரே ஒருமுறை விளையாடியிருக்கிறேன். 1996, எங்கள் கல்லூரியின் விளையாட்டு இல்லங்களுக்கிடையிலான இறுதிப் போட்டி, மலையில் ஒரு தோட்டத்து மைதானத்தில்; அவள் வேறு இல்லம். கடைசியாக அடித்தவள் நான். பந்து உயரப் போய்க் கீழ் மூலையில் இறங்கியது. யோகா முழங்கையில் ரத்தத்தோடு, பந்தை உயர்த்திப் பிடித்தபடி மேலே ஏறி வந்தாள். "தேயிலைச் செடியில பட்டுத்தான் வந்துச்சி சேர், நான் கண்ணால பாத்தேன்" என்று கத்தினேன். எனக்குத் தொண்டை பெரிது. பக்கத்தில் நின்ற நடுவர் ஆசிரியர் என்னை நம்பினார். அந்த ஓர் ஓட்டத்தில் எங்கள் இல்லம் வென்றது. அதை வைத்துத்தான் நான் கல்லூரி அணித் தலைவி ஆனேன். இந்த வலைப்பூவின் ஓரத்தில் "முன்னாள் எல்லே அணித் தலைவி" என்று என்னைப் பற்றிப் போட்டிருக்கிறேனே, அது அங்கிருந்து வந்ததுதான். பதினொரு வருடமாக அந்தப் பந்து செடியில் பட்டதை நான் பார்த்தேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். சத்தியமாக.

"கிரவுண்டுக்குப் போய்ட்டு வருவமா?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஆறு கிலோமீற்றர், முச்சக்கர வண்டிக்கு 250 ரூபாய் (300 கேட்டார், பேரம் பேசுங்கள்). சாரதி திரும்பிப் பார்த்தார். "மேல் டிவிசன் கிரவுண்டுக்கா? அங்க என்னாங்க இருக்கு பாக்குறதுக்கு? மாடுதான் மேயுது."

"மாடு பாக்கத்தான் கொழும்புலருந்து வந்துருக்காங்க" என்றாள் யோகா. காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மைதானம் என்றால் மலையைச் சீவி எடுத்த ஒரு தட்டு. முக்கால்வாசி சமம், கீழ்ப் பக்கம் சரிந்து, ஒரு கானோடும் (மழைநீர் வாய்க்கால்) அதற்கு அப்பால் தேயிலைச் செடிகளோடும் முடிகிறது. சாரதி சொன்னது பொய்யில்லை, மூன்று மாடுகள் மேய்ந்தன. கீழே தூரத்தில் சீதாவக்கை ஓயா என்ற ஆற்றின் சத்தம். மழை விட்டிருந்தது.

நான் பழக்கதோஷத்தில் அடிக்கும் இடத்தில் போய் நின்றேன். "நீ ஒன் எடத்துக்குப் போ" என்றேன். யோகா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கீழ் மூலைக்கு நடந்தாள். முதலில் பாதம் மறைந்தது. பிறகு இடுப்பு. பிறகு தலையும் மறைந்தது. கானும் தெரியவில்லை, செடியும் தெரியவில்லை. புல்லும் ஆகாயமும்தான்.

"நின்னாச்சி!" என்று கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது.

நான் எக்கிப் பார்த்தேன். இரண்டடி இந்தப் பக்கம், இரண்டடி அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தேன். அன்றைக்கு நான் ஓடத் தொடங்கிய பாதையிலும் ஓடிப் பார்த்தேன், மாடுகள் மிரண்டன. எங்கேயிருந்தும் தெரியாது. தெரியவே தெரியாது! நான் எதையும் பார்க்கவில்லை. பார்த்திருக்கவே முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பதினொரு வருடமாக அந்தச் சோற்றையே தின்றுகொண்டிருந்திருக்கிறேன். அவ்வளவு வெட்கம் எனக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை.

கீழே இறங்கிப் போனேன். யோகா கான் ஓரத்தில் நின்றாள். அங்கேயிருந்தும் அடிப்பவர் தெரிவதில்லை, தூக்கிய தடியின் நுனியும் உயர வரும் பந்தும்தான் தெரியும்.

"நீ நல்லாத்தான் புடிச்சியா?"

"கானுக்குள்ள உழுந்து புடிச்சேன். கல்லுல கை கிழிஞ்சிருச்சி." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

"ஒனக்கு எம்மேல கோவமே வரலியா?"

"வராம? அன்னைக்கி வீட்டுல சோறு திங்கல. ஒரு வருசம் கோவமாத்தான் இருந்தேன். அப்புறம் ஒரே டீம்ல போட்டுட்டாங்க. நீ அடிச்சாத்தான டீமு ஜெயிக்கும், எத்தன நாளைக்கி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிறது?"

அங்கேயே, ஒரு கல்லில் உட்கார்ந்து, ஸ்கோர் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து எழுதினேன். "1996ஆம் ஆண்டு இல்ல இறுதிப் போட்டியில் நான் அடித்த பந்தை எஸ். யோகேஸ்வரி பிடித்தார். பந்து செடியில் பட்டதைப் பார்த்ததாக நான் சொன்னது பொய். நான் நின்ற இடத்திலிருந்து அந்த மூலை தெரியாது. அவர் சொன்னதே சரி. நான் அவுட்." பெயர், கல்லூரி அணித் தலைவி, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து.

யோகா இரண்டு தடவை வாசித்தாள். "எழுத்து மட்டும் அன்னைக்கி மாதிரியே, கோழி கிண்டுனாப்பல" என்றாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். நானும்தான்.

திரும்பும் வழி: தெரணியகலையிலிருந்து 3.10 பஸ், அவிசாவளையில் மாறி, புறக்கோட்டைக்கு இரவு ஏழரை. மாலையில் அவிசாவளையில் உட்கார இடம் கிடைக்காது, கையில் சுமை வேண்டாம். மொத்தச் செலவு, முச்சக்கர வண்டி போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து எண்ணூறுக்குள். அட்டைப்பூச்சிகள் உண்டு, கணுக்காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போங்கள், கடித்தால் பிடுங்காமல் உப்பு வையுங்கள். தங்க வசதி தேடாதீர்கள், ஒருநாள் போதும். அந்த மைதானத்துக்கு யாராவது போனால் மேலே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். கீழ் மூலை வரை நடந்து போங்கள்.

இதை எழுதிவிட்டுப் பதிவேற்ற மனமில்லாமல் ஐந்து வாரம் வைத்திருந்தேன். திங்கட்கிழமை நடந்ததை மட்டும் யோகா அன்றே சொன்னாள். மூன்றாவது கடிதத்தைப் படித்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தலைவியையே அவுட்டாக்கினீங்களா?" என்று கேட்டாராம். "ஆமாங்க சேர்னு சொன்னேன் புள்ள. சத்தமாவே சொன்னேன்."

முந்தாநாள் நியமனக் கடிதம் வந்துவிட்டது. றக்வானைப் பக்கம் ஒரு பாடசாலை. பஸ் எப்படி மாறுவது என்று என்னிடமே கேட்டாள், எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு வேலையும் வைத்தாள்: புறக்கோட்டையில் புது ஸ்கோர் கொப்பி வாங்கி அனுப்ப வேண்டும், அதில் பிடித்த ஆளின் பெயருக்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். நான்கு கடை ஏறி இறங்கினேன், அப்படி ஒன்று விற்பனையில் இல்லை. சாதாரணக் கெட்டி அட்டைச் சீ.ஆர். கொப்பி ஒன்றை வாங்கி, அடிமட்டம் வைத்து நானே கோடு போட்டேன். முதல் பக்கத்தில் முதல் வரியையும் நிரப்பித்தான் தபாலில் போட்டேன். அடித்தவர்: நிர்மலா. முடிவு: பிடி. பிடித்தவர்: எஸ். யோகேஸ்வரி.