முகம் மூடிய வீரன்

எங்கள் பையன் ஒரு தை மாதத்தில் பதுளை பெரியாஸ்பத்திரியில் பிறந்தான். பிறக்கும்போதே உயிர் இல்லை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. யார்மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில நேரம் இப்படி நடந்துவிடுகிறது என்று டாக்டர் என் தோளில் கைவைத்துச் சிங்களத்தில் சொன்னார். அதற்குப் பிறகு என் மனைவிக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கதவின் இந்தப் பக்கம் நான் பிள்ளைக்காகக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளாவது கிடைத்தால் போதும் என்று நின்றேன்.

அவள் மயக்கத்தில் இருந்தபோது ஒரு தாதி பையனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். தூக்கச் சொன்னார். தூக்கினேன். அன்று பின்னேரம் நானும் என் மனைவியின் அண்ணனும் அவனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், தேயிலை மலைக்கு மேலே இருக்கும் மயானத்தில் அடக்கம் செய்தோம். அவள் நன்றாகக் கண்விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அவனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் வீடு ஹாலிஎலயில், ரயில் பாதைக்கு மேலே. டவுனில் நான் ஒரு சின்ன போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறேன். அவள் பக்கத்துத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் மலையிலிருந்து இறங்கி வரும்வரை பால் கொடுத்து, தொட்டிலாட்டி, பாட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. லீவு முடிந்து போன முதல் நாளே மத்தியானத்துக்கு முன்பு திரும்பி வந்துவிட்டாள். ஒரு கைக்குழந்தை அழுததாம். அதைத் தூக்கியதும் இவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டதாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளோடு வேலை செய்யும் அக்கா கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அவள் போகவேயில்லை. வீட்டில் இருந்தாள். சமைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். அவளுடைய அம்மா வந்து எங்களோடு தங்கினார். மூன்று பேர் இருந்தும் தண்ணீர் கொதிக்கும் சத்தம் முன்வாசல்வரை கேட்கும்.

அது நாடு முழுவதும் மின்வெட்டு நடந்த காலம். கரண்ட் இருந்தால் கடதாசி இல்லை, கடதாசி கிடைத்தால் கரண்ட் இல்லை. கடையைத் திறந்து வைப்பதில் பலனில்லாமல் போனது. கடையில் இருந்த இரண்டு பழைய கம்பியூட்டர்களையும் மழை ஒழுக்குக்குப் பயந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் ஒன்றில் ஒரு விளையாட்டு இருந்தது. உலகமெல்லாம் ஓடிய சில மாயாஜாலப் படங்களை வைத்துச் செய்தது. பண்டாரவளையில் படித்த நாட்களில் அந்தப் படங்களை நான் சீடி வாடகைக்கு எடுத்துப் பார்த்திருக்கிறேன். விளையாட்டில் நாம் ஒரு கோட்டை கட்ட வேண்டும். தோட்டந்துரவு போட்டு, வில்லாளிகளையும் குதிரைப் படையையும் சேர்த்து, கரிய கோபுரத்திலிருந்து வரும் படையை அடித்து விரட்ட வேண்டும். சதுரங்கம் போல ஆளுக்கு ஒரு முறை என்பதெல்லாம் இல்லை. நாம் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாலும் எதிரி வந்துகொண்டே இருப்பான்.

ஒரு மத்தியானம் சும்மா உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். ரொம்ப நேரம் நின்றிருப்பாள் போல.

"அந்த நடக்குற மரம் யாரு பக்கம்?" என்றாள்.

"நம்ம பக்கம்."

"அப்ப ஏன் அதை அங்க தனியா விட்டுட்டீங்க? நெருப்பு வச்சிருவானுங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நெருப்பு வைத்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இருந்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஏதோ ஒன்றைப் பார்த்தேன். கதிரையை நகர்த்தி இடம் விட்டேன். உட்கார்ந்தாள்.

அவள் கெட்டிக்காரி. நான் படையைத் திரட்டிக்கொண்டு ஓடுவேன். அவள் முதலில் நெல்வயல் போடுவாள், மதில் கட்டுவாள், மதிலுக்கு உள்ளே கிணறு வைப்பாள். காயம்பட்டவர்கள் அந்தக் கிணற்றடிக்கு வந்தால் தேறிவிடுவார்கள். ஒருவரைக்கூட வெளியில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தமாட்டாள். இரண்டாவது கம்பியூட்டரையும் மேசைமேல் தூக்கி வைத்து, அதிலும் விளையாட்டைப் போட்டு, வயரால் இணைத்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரே கட்சியாக, ஆளுக்கொரு கோட்டையோடு விளையாடினோம். மின்வெட்டு நேரத்தைப் பார்த்துத்தான் தொடங்குவோம். சில நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் போய்விடும். வெல்லப்போகிற சண்டை கறுத்த திரையாகிவிடும். "அட சனியனே!" என்று கத்துவாள். எனக்கு அந்தக் கத்தல் பிடித்திருந்தது.

"மேக்குப் பக்கம் வர்றானுங்க, ஆள் அனுப்புங்க."

"என்கிட்ட வில்லுக்காரனுங்க மட்டுந்தான் இருக்கானுங்க."

"பரவால்ல, அனுப்புங்க. நான் கதவைத் தொறந்து விடுறேன்."

எங்களுக்குள் அந்த நாட்களில் நடந்த பேச்சு முழுவதும் இதுதான். அவளுடைய அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டு வந்து வெளையாட்டு என்னா வெளையாட்டு மாப்புள? பாக்குறவுங்க என்னா சொல்லுவாங்க?"

"பேசுறா அத்தை. வேற எதுலயும் பேச மாட்டேங்குறாளே."

அவர் கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கோப்பை பிளேன்டீ கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் போனார்.

சாதாரண வீரர்கள் செத்தால் செத்ததுதான். ஆனால் படத்தில் வந்த பெரிய வீரர்கள் விழுந்தால், கோட்டையில் அவர்கள் படம் மங்கலாகத் தெரியும். அதை அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் திரும்பி வருவார்கள். அவள் முதல்முறை அதைப் பார்த்தபோது விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டாள்:

"இவன் இப்ப செத்தானே. எப்புடி வந்தான்?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள், நமக்கென்று ஒரு வீரனை நாமே செய்ய முடியுமா என்று கேட்டாள். முடியும். உயரம், உடுப்பு, ஆயுதம், பெயர் எல்லாம் நாமே தெரிந்தெடுக்கலாம். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு நான் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அவள் அதன் முன்னால்தான் இருந்தாள்.

அன்றைக்கு விளையாடும்போது அவள் கோட்டைக்குள் ஒரு புது வீரன் நின்றான். சின்ன உருவம், பச்சை மேலங்கி. சுட்டியை அவன்மேல் கொண்டுபோனேன். பெயர் தெரிந்தது. அவள் வயிற்றோடு இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையனாக இருந்தால் வைப்போம் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்த பெயர். வேறு யாருக்கும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எங்களுக்குள்ளும் சொன்னதில்லை.

அவன் தலையில் முகத்தை முழுதாக மூடும் இரும்புத் தொப்பி இருந்தது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"ஏன் முகத்தை மூடி வச்சிருக்க?"

"எனக்கு அவன் முகம் தெரியாதே" என்றாள்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அதற்குள் மேற்கு வாசலில் படை வந்துவிட்டது. "ஆள் அனுப்புங்க" என்றாள். அனுப்பினேன்.

அவள் அவனைச் சண்டைக்கு விடவேயில்லை. கோட்டை நடுவில், கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்பான். சில வேளை நெல்வயல்வரை நடத்திக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவருவாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் என் படையைப் பார்த்துக்கொள்வேன். அவள் தேறி வருகிறாள் என்று நினைத்தேன். இரவில் கொஞ்சம் தூங்கினாள். சோறு கொஞ்சம் கூடவே சாப்பிட்டாள். நானும் அந்தப் பச்சை மேலங்கிக்குப் பழகிப்போனேன். விளையாட்டைத் தொடங்கியதும் முதலில் அவன் எங்கே என்றுதான் தேடுவேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், நல்ல மழை. அன்று எதிரி மூன்று பக்கத்தாலும் வந்தான். என் கோட்டை முதலில் விழுந்தது. அவள் பக்கம் ஓடிப்போன என் குதிரைகள் பாதி வழியிலேயே முடிந்தன. வாசலை உடைத்தார்கள். அவள் வில்லாளிகளைக் கிணற்றைச் சுற்றி நிறுத்தினாள். பெரிய உருவம் ஒன்று மதிலை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தது. அவள் சுட்டியை அமுக்கி அமுக்கிப் பச்சை மேலங்கிக்காரனைப் பின்வாசல் பக்கம் இழுத்தாள். அவன் ஓடினான். எட்டவில்லை. விழுந்துவிட்டான்.

கோட்டையின் பக்கத்தில் அவன் படம் மங்கலாக வந்தது.

"அமுக்கு" என்றேன். "கோட்டை இன்னும் நிக்குது. திரும்ப எடுக்கலாம். அமுக்கு."

அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க."

"ஏன்?"

"எத்தன தடவை எடுக்குறது."

கோட்டை இடிந்தது. தோற்றுவிட்டோம் என்று திரையில் வந்தது. மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அவனைத் தூக்குனீங்கதானே?"

"தூக்குனேன்."

"யாரு சாயல்?"

சொன்னேன். தலை நிறைய முடி. அவளுடைய அப்பாவின் மூக்கு. மேலுதடு மட்டும் என்னுடையது. வலது காதின் ஓரம் கொஞ்சம் மடிந்திருந்தது. கை மூடியிருந்தது, விரலை விரித்துப் பார்த்தேன், நகம் வளர்ந்திருந்தது. பாரம் நல்ல பாரம்.

"பாரமா இருந்தானா?"

"ஆமா."

"சூடு இருந்துச்சா?"

கொஞ்சம் இருந்தது. அதையும் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள். மேசைமேல் தலையை வைத்து, ஆஸ்பத்திரியில் அழாத அழுகை முழுவதையும் அழுதாள். அவளுடைய அம்மா ஓடிவந்து வாசலில் நின்றார். நான் கையை ஆட்டி வரவேண்டாம் என்றேன். பிறகு நானும் அழுதேன்.

அழுது முடித்தால் எல்லாம் கரைந்துவிடும் என்று சொல்வார்கள். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. அவள் பிறகு விளையாடவில்லை. விளையாட்டு நின்றதும் பேச்சும் நின்றது. என்னைப் பார்த்தாலே அவளுக்குப் பிள்ளையைத் தூக்கிய கை ஞாபகம் வருகிறது என்று ஒருநாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கென்று பண்டாரவளைக்குப் போனவள் மழைக்காலம் முழுவதும் அங்கேயே இருந்தாள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலையும் எடுத்துக்கொண்டாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கூப்பிடவில்லை. அவளாகவே ஒருநாள் பையோடு வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. இப்போது தினமும் ரயிலில் அந்த வேலைக்குப் போய்வருகிறாள். கம்பியூட்டர்கள் கடைக்குத் திரும்பிப் போய்விட்டன. அந்த விளையாட்டை நான் அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் ரயிலில் வந்துகொண்டிருந்தோம். எதிரில் ஒரு பெண், மடியில் குழந்தை. குழந்தை என் மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. இவள் சிரித்தாள். அந்தப் பெண் சகஜமாகக் கேட்டாள்:

"ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க அக்கா?"

"ஒரு பையன்" என்றாள் என் மனைவி.

"எத்தன வயசு?"

"வர்ற தைக்கு மூணு முடியுது."

"வீட்ல விட்டுட்டு வந்தீங்களா?"

"ஆமா" என்றாள். "அவன் ரொம்ப அமைதி. தொந்தரவே இல்ல."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தலையாட்டினேன். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இருட்டில் என் மனைவியின் கையைத் தேடிப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.